வாத்து அலகும் மிருதங்க வாரும்

சிட்னியிலும் மெல்போர்னிலும் பிறந்தநாள் கேக்கை வீட்டிலேயே உருவம் செய்து அலங்கரிப்பது ஒரு தலைமுறையைத் தாண்டி வந்த பழக்கம். அந்த மேசையில் தமிழ் வீடுகளுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

மஞ்சள் ஐசிங் பூசிய ஒரு வாத்து. அலகுக்கு இரண்டு உருளைக்கிழங்கு சிப்ஸ், கொண்டைக்குப் பாப்கார்ன். ஆஸ்திரேலியாவில் எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ வளர்ந்த யாரிடமும் இந்தப் படத்தைக் காட்டுங்கள். எந்தப் புத்தகத்தில் வந்தது என்று யோசிக்காமல் சொல்வார்கள். தங்கள் வீட்டில் எந்த வருடம் யார் பிறந்தநாளுக்கு எந்த உருவம் வந்தது என்ற கதையும் கூடவே வரும்.

அந்தப் புத்தகம் 'ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி' பத்திரிகை 1980-ல் வெளியிட்ட குழந்தைகள் பிறந்தநாள் கேக் புத்தகம். மேரியன் பிளாக்கரும் பமீலா கிளார்க்கும் எழுதியது. 1933-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகைக்கு சிட்னியில் சொந்தமாகவே ஒரு சோதனைச் சமையலறை உண்டு. அங்கே செய்து, சரிபார்த்து, படம் பிடித்த நூற்றுக்கும் மேற்பட்ட கேக்குகள் புத்தகத்தில் இருக்கின்றன. இதுவரை பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அது வெளியான சமயத்தில் நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஒன்றரைக் கோடியைத் தொடவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணிக்கையின் கனம் புரியும். 2011-ல் பழைய வடிவிலேயே மறுபதிப்பும் வந்தது. உலகம் முழுக்கக் குழந்தைகள் பார்க்கும் 'ப்ளூயி' கார்ட்டூன் தொடரில் 2020-ல் ஒரு கதை முழுவதும் இந்த வாத்து கேக்கைப் பற்றியதுதான். மகள் கேட்ட வாத்தைச் செய்ய அப்பா படாதபாடு படுவார்.

கைக்கு எட்டிய கலை

இந்தப் புத்தகம் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது? அதில் இருக்கும் கேக்குகளைச் செய்ய மளிகைக் கடையில் கிடைப்பது போதும். அட்டைப் படத்தில் ஓடும் ரயிலின் பெட்டிகளில் ஏற்றிய சரக்கு பாப்கார்னும் மிட்டாயும். நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் நீல ஜெல்லி, சுற்றுவேலி சாக்லேட் விரல் பிஸ்கட். பொம்மையின் இடுப்புக்குக் கீழே விரியும் பாவாடை முழுக்க கேக். கேக் மாவைக்கூட ஒவ்வொன்றாக அளந்து கலக்கச் சொல்லவில்லை. பாக்கெட்டில் விற்கும் வெண்ணெய் கேக் கலவையையே பயன்படுத்தச் சொன்னார்கள். எல்லார் வீட்டிலும் ஒரே அளவில், ஒரே பதத்தில் கேக் வெந்து வந்தால்தான் வெட்டும் கணக்கு தப்பாது என்பது காரணம்.

விசேஷக் கருவி இல்லை, வகுப்புக்குப் போக வேண்டியதில்லை, பெரிய செலவும் இல்லை. குழந்தை தூங்கிய பிறகு கத்தியும் ஒரு கிண்ணம் ஐசிங்கும் எடுத்துக்கொண்டு உட்காரப் பொறுமை இருந்தால் போதும். அலங்கார வேலை தேர்ந்த கைக்காரர்களுடையது என்ற எண்ணத்தை இந்தப் புத்தகம் உடைத்தது.

தேர்ந்த கைக்காரர்களும் அந்த நாட்டில் குறைவில்லை. ஐசிங்கைத் தலைமுடி கனத்துக்கு இழை இழையாகக் காற்றில் தொங்கவிட்டு ஓரம் கட்டும் வேலைக்கு ஆஸ்திரேலியக் கலைஞர்கள் உலக அளவில் பேர் வாங்கியவர்கள். ஒவ்வொரு வருடமும் சிட்னி ராயல் ஈஸ்டர் கண்காட்சியில் அலங்கார கேக் போட்டி நடக்கிறது. ஆனால் பழக்கத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது பரிசு வாங்கும் அந்தக் கைகள் மட்டுமல்ல. வருடத்துக்கு ஒரு தடவை கோணல்மாணலாக ஒரு டைனோசர் செய்யும் லட்சக்கணக்கான வீடுகளும்தான்.

ஓவன் வந்த கதை

2021 கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஆஸ்திரேலியாவில் 95,404 பேர். பெரும்பகுதி சிட்னியிலும் மெல்போர்னிலும். இவர்களில் இலங்கையிலிருந்து வந்தவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் கேக்கை வெவ்வேறு வாசல் வழியாகச் சந்தித்தவர்கள்.

இலங்கைத் தமிழ் வீடுகளில் கேக் பழைய விருந்தாளி. வெண்ணெயும் சீனியும் கை வலிக்க அடித்துச் சேர்ப்பதால் 'கேக் அடிக்கிறது' என்றே அங்கே பேச்சு. ரிப்பன் கேக், ரவையும் முந்திரியும் சேர்ந்த லவ் கேக், பண்டிகைக்குப் பழக் கேக். சாமத்திய வீடு என்று அவர்கள் சொல்லும் பூப்பு விழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஐசிங் போட்ட கேக். அந்தக் கை சிட்னியின் வென்ட்வொர்த்வில்லுக்கும் மெல்போர்னின் டான்டனாங்குக்கும் அப்படியே குடிபெயர்ந்தது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. கேக் என்றால் பேக்கரி. வீட்டில் ஓவன் இல்லாததே முதல் காரணம். இட்லிப் பானையும் குக்கரும் ஆண்ட சமையலறையில் கேக் வேக இடம் இல்லை. குக்கருக்குள் மணலைப் போட்டுச் சிலர் செய்து பார்த்தார்கள் என்றாலும், பிறந்தநாள் கேக் அட்டைப்பெட்டியில் வருவதுதான் வழக்கம். ஆஸ்திரேலியாவில் வாடகைக்கு எடுக்கும் சின்ன ஃப்ளாட்டில்கூட ஓவன் பெரும்பாலும் கூடவே வந்துவிடுகிறது. புதிதாக வந்த பல வீடுகளில் அது முதலில் வாணலிகளை அடுக்கும் அலமாரியாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் நெருங்கும்போதுதான் வாணலிகள் வெளியே வருகின்றன.

அந்த முதல் தடவையில் காலை வாருவது இரண்டு விஷயங்கள். ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி. இந்திய, அமெரிக்கக் குறிப்புகள் சொல்லும் மேசைக்கரண்டி 15 மில்லி. இணையத்தில் பார்த்த குறிப்புக்கு அங்கே வாங்கிய கரண்டியால் பேக்கிங் பவுடர் அளந்தால், ஒவ்வொரு கரண்டிக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடிப்போகும். கேக் பொங்கி, நடுவில் அமுங்கிவிடும். இரண்டாவது, காற்றாடி ஓடும் ஓவன். குறிப்பில் 180 டிகிரி என்று இருந்தால் அதில் 160 வைக்க வேண்டும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் பாதி அழுகை மிச்சம்.

கேக்கில் ஒரு மிருதங்கம்

வாத்தும் ரயிலும் அழகுதான். நம் வீட்டுக் குழந்தைக்கு நம் வீட்டு உருவமும் கேக்காக வரலாம். வார இறுதிகளில் மிருதங்கமும் வீணையும் பரதமும் கற்கும் பிள்ளைகள் இந்த இரண்டு நகரங்களிலும் நிறைய. ஒரு மிருதங்கம் எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

மிருதங்கம் நடுவில் பருத்து இரண்டு தலையிலும் ஒடுங்கும். அதனால் அடி குறுகி வாய் அகன்ற இரண்டு ஓவன் கிண்ணங்களில் கேக்கை வேகவைக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் பெரியதாக இருக்கலாம். வெந்த கேக்கை நன்றாக ஆறவிட்டு, உறையில் சுற்றி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும், குளிர்ந்த கேக் கத்திக்குப் பணியும். மறுநாள் வாய்ப்பக்கம் உப்பியதைச் சமமாகச் சீவி, இரண்டின் வாயையும் பட்டர் ஐசிங் தடவி ஒட்டுங்கள். படுக்கவைத்து, பலகையில் உருளாமல் இருக்க அடியில் ஒரு விரல் கனம் சீவிவிடுங்கள். சீவிய துண்டுகள் குழந்தைக்கு.

முதல் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். உதிரும் தூளையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு, பிறகு கோகோ கலந்த பழுப்பு ஐசிங்கை நீளவாக்கில் இழுத்துப் பூசுங்கள். கத்தியின் தடம் பலா மரத்தின் வரி மாதிரியே விழும், அதை வழித்து அழிக்க வேண்டாம். இரண்டு தலைக்கும் வெள்ளை ஐசிங். வலக்கை வாசிக்கும் தலையான வலந்தலையின் நடுவில் உருக்கிய கறுப்புச் சாக்லேட்டை வட்டமாக ஊற்றினால், கரணை எனப்படும் கறுப்பு வட்டம் தயார். இடக்கைத் தலையான தொப்பிப் பக்கம் வெறுமனே இருக்கட்டும். கேக்கைப் பார்க்கும் பிள்ளைகளில் மிருதங்கம் கற்பவன் ஒருவன் இருந்தால் இதைத்தான் முதலில் சரிபார்ப்பான். கடைசியாக வார். ஆஸ்திரேலியக் கடைகளில் அதிமதுர மிட்டாய் கறுப்பாக, நீளமாக, தோல்வார் போலவே விற்கிறது. புத்தகத்துக் கேக்குகளில் தண்டவாளத்துக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் பயன்பட்ட அந்தச் சரக்குதான் மிருதங்கத்துக்கு வாராகிறது. ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு நெருக்கமாக இழுத்து ஒட்டினால் வேலை முடிந்தது.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அங்கே ஜனவரி, பிப்ரவரி கொளுத்தும் கோடை. மெல்போர்னில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். கோடைப் பிறந்தநாளைப் பூங்காவில் கொண்டாடுவதாக இருந்தால், கேக் ஐஸ்பெட்டியில் கடைசி நிமிடம்வரை இருக்க வேண்டும்.

ஏற்றுவதா, ஊதுவதா?

பிறந்தநாளில் நாம் விளக்கை ஏற்றுகிறவர்கள். ஊதி அணைப்பது அமங்கலம் என்று பாட்டிமார் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. புலம்பெயர்ந்த வீடுகள் இதற்குச் சண்டையில்லாத வழி கண்டிருக்கின்றன. பிறந்த நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம். நண்பர்கள் வரும் சனிக்கிழமை மாலை குத்துவிளக்கைக் குழந்தை கையால் ஏற்றிவிட்டு, பிறகு கேக். மெழுகுவத்தியை ஊதாமல் எரியவிடும் வீடுகளும் உண்டு.

பாட்டிமாருக்கு ஆராய்ச்சியும் ஓரளவு துணை நிற்கிறது. 2017-ல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தினர் மெழுகுவத்தியை ஊதியபின் ஐசிங் மேல் பாக்டீரியா சராசரியாகப் பதினான்கு மடங்கு கூடுவதைக் கண்டார்கள். அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், குழந்தைக் காப்பகங்களுக்கான கையேட்டில், பிறந்தநாள் பிள்ளைக்குத் தனியாக ஒரு கப் கேக் கொடுத்து அதில் ஊதச் சொல்லியிருந்தது. பெரிய கேக் மற்றவர்களுக்குச் சுத்தமாக இருக்கும். உருவ கேக் செய்பவர்களுக்கு இது வசதிதான். மிருதங்கத்தில் மெழுகுவத்தி குத்தி ஓட்டை போட வேண்டாம்.

பள்ளி வாசலில் ஒரு மேசை

வீட்டுக் கேக் அந்த நாட்டில் வீட்டோடு நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் தேர்தல் சனிக்கிழமையில் நடக்கும். 1924 முதல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம் என்பதால் ஊரே வாக்குச்சாவடிக்கு வரும். சாவடிகளில் பலவும் பள்ளிக்கூடங்களே. அன்று வாசலில் பெற்றோர் சங்கம் அடுப்பு மூட்டி சாசேஜ் சுடும், பக்கத்தில் வீட்டில் செய்த கேக் மேசை. அந்தப் பணத்தில்தான் நூலகத்துக்குப் புத்தகமும் விளையாட்டு மைதானத்துக்கு நிழல்கூரையும் வரும். பொருளும் உழைப்பும் வீடுகள் இலவசமாகத் தருவதால் விற்ற காசு முழுவதும் பள்ளிக்கே.

இந்த மேசைக்குப் பின்னால் நீண்ட மரபு உண்டு. 1922-ல் நியூ சவுத் வேல்ஸில் தொடங்கிய நாட்டுப்புறப் பெண்கள் சங்கம், கேக்கும் ஸ்கோனும் விற்றே கிராமங்களுக்குத் தாய்சேய் நல நிலையங்களையும் ஓய்வறைகளையும் கட்டியது. பள்ளிகளும் சாரணர் குழுக்களும் லாமிங்டன் விற்றுப் பணம் திரட்டின. ஸ்பாஞ்ச் கேக்கைச் சதுரமாக வெட்டி, சாக்லேட்டில் முக்கி, உலர்ந்த தேங்காய்த் துருவலில் புரட்டியது அது. உலகுக்கு அந்தத் துருவலை அனுப்பிய முக்கிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. புற்றுநோய் கவுன்சிலுக்காக ஒவ்வொரு வருடமும் மே மாதத்தை ஒட்டி அலுவலகங்களிலும் வீடுகளிலும் நடக்கும் பெரிய காலைத் தேநீர் விருந்திலும் வீட்டுக் கேக்தான் நடுநாயகம்.

உருவ கேக்குக்கு இந்த மேசையில் தனி மதிப்பு. துண்டு போட்டு விற்காமல் அதை ஏலத்தில் விடுவார்கள், அல்லது எடையை ஊகிக்கச் சொல்லிச் சீட்டு விற்பார்கள். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் மேசைக்கு நாமும் ஒரு கேக் கொண்டுபோக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோயில் அன்னதானத்துக்கும் தமிழ்ப் பள்ளி விழாவுக்கும் அள்ளிக் கொடுக்கிற கைகள் நம்முடையவை. அதே கை பக்கத்துப் பள்ளி வாசலிலும் தெரிந்தால், தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் மணக்கும் ஒரு மயில் கேக்கைச் சுற்றி நிற்கும் பெற்றோருடன் பேச்சு தானாக வரும். ஆங்கிலம் தயங்கித் தயங்கிப் பேசும் தாத்தா பாட்டிகூட அந்த மேசைக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கலாம்.

முட்டையும் முந்திரியும்

அந்த மேசையில் வைக்கும் எதிலும் கவனம் வேண்டிய விஷயம் ஒவ்வாமை. மெல்போர்னில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளை ஆராய்ந்த 'ஹெல்த்நட்ஸ்' ஆய்வு 2011-ல் சொன்ன முடிவு உலகை அதிரவைத்தது. ஒரு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் உணவு ஒவ்வாமை. அதில் முதலிடம் பச்சை முட்டைக்கு, சுமார் 9 சதவீதம். வேர்க்கடலைக்கு 3 சதவீதம்.

இங்கேதான் நம் சைவச் சமையலறையின் அருமை தெரிகிறது. தயிரும் சமையல் சோடாவும் சேர்த்தோ, கண்டென்ஸ்டு மில்க் சேர்த்தோ முட்டையில்லாமல் கேக் செய்வது நம் வீடுகளில் பலருக்குக் கைவந்தது. விரதத்துக்காகவும் ஆசாரத்துக்காகவும் பழகிய அந்தக் கை, பிறந்தநாள் விழாவில் எல்லோரும் கேக் தின்னும்போது ஓரமாக நிற்க வேண்டியிருந்த ஒரு முட்டை ஒவ்வாமைக் குழந்தைக்கும் துண்டு தருகிறது. ஜெல்லியிலும் அப்படித்தான். கடை ஜெல்லியில் இருப்பது விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின். அதற்குப் பதில் அகர் அகரைக் காய்ச்சி நீல நிறம் சேர்த்து, தட்டில் உறையவிட்டு, முள்கரண்டியால் கிளறி நீச்சல் குளக் கேக்கில் நிரப்பினால் அலையடிக்கும் தண்ணீராகவே தெரியும். சைவ வீட்டுக் குழந்தையும் முஸ்லிம் வீட்டுக் குழந்தையும் தயங்காமல் சாப்பிடலாம்.

ஆனால் நம் கைப்பழக்கத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. எதிலும் ஒரு பிடி முந்திரி போடுவது நமக்கு விருந்தோம்பல். முந்திரி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உயிராபத்து. பல பள்ளிகள் கொட்டை வகைகளைக் கொண்டுவர வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கின்றன. லவ் கேக்கை அங்கே அனுப்பாதீர்கள். மற்ற மேசைகளில் வைத்தால் என்னென்ன சேர்ந்தது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். நிதி திரட்டும் விற்பனைக்குக் கடைப் பொருள்போல் முழு லேபிள் சட்டப்படி தேவையில்லை என்றாலும், ஒவ்வாமைப் பொருட்களைக் கேட்டால் சொல்லியாக வேண்டும். முட்டை இல்லை என்பதாலேயே பாலும் கோதுமையும் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஒரு கேக் பாதுகாப்பானது ஆகிவிடாது. கிரீம் கேக் 5 டிகிரிக்குக் கீழ் குளிரில் இருக்க வேண்டும்.

ஒரு குழந்தையின் ஐந்தாவது பிறந்தநாள்

பிறந்தநாள் கொண்டாட்டம் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்கள் பிலோயீலா தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். குயின்ஸ்லாந்தின் அந்தச் சிற்றூரிலிருந்து 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் இலங்கைத் தமிழ் அகதித் தம்பதியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அதிகாரிகள் கொண்டுபோனார்கள். முதலில் மெல்போர்ன் தடுப்பு முகாம், பிறகு கிறிஸ்துமஸ் தீவு. இளைய மகளின் முதல் நான்கு பிறந்தநாட்களும் காவலில்தான் கழிந்தன. நான்காவது வந்தபோது அவள் பெர்த் மருத்துவமனையில் படுத்திருந்தாள். ஊர் மக்கள் அவர்களை விட்டுவிடவில்லை, நான்கு வருடம் போராடினார்கள். 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. அந்த வாரத்திலேயே அவளுடைய ஐந்தாவது பிறந்தநாளை ஊர் கூடிக் கொண்டாடியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. தன் வீட்டில், தன் தோழிகளோடு ஒரு பிறந்தநாள் என்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய உரிமை என்பதை அந்தச் சிற்றூர் நாட்டுக்கே காட்டியது.

ஹாலும் ஆர்டர் கேக்கும்

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். தமிழ் வீடுகளின் பிறந்தநாள், குறிப்பாக முதல் பிறந்தநாள், இப்போது கல்யாண அளவுக்குப் போய்விட்டது. ஹால், மேடை அலங்காரம், புகைப்படக்காரர், நடுவில் அடுக்கடுக்காக ஃபாண்டன்ட் போர்த்திய ஆர்டர் கேக். அதற்கே பல நூறு டாலர். அதைச் செய்கிறவர்களில் திறமையான நம் பெண்கள் பலர் இருக்கிறார்கள், அந்தத் தொழில் வளரட்டும். உழைப்புக்கு உரிய விலையை அவர்கள் கேட்பதும் நியாயம். ஆனால் பக்கத்து வீட்டை மிஞ்ச வேண்டும் என்று கடன் வாங்கிச் செய்யும் விழாவில் குழந்தைக்கு மிஞ்சுவது களைப்பு. அழுது அழுது அது தூங்கிய பிறகுதான் பெரும்பாலும் கேக்கே வெட்டப்படுகிறது.

வீட்டுக் கேக்கில் குழந்தை முதலாளி. எந்த உருவம் என்று தேர்ந்தெடுப்பது அதன் வேலை, மாதக்கணக்கில் மனம் மாறுவதும் அதன் உரிமை. மிட்டாயைக் குத்துவது, கிண்ணத்தை வழித்து நக்குவது, அப்பாவின் ரயில் கோணினால் திருத்தச் சொல்வது எல்லாம் அதற்குச் சொந்தம். யானை மாதிரி வராமல் எலி மாதிரி வந்தாலும், இது உனக்காக நாங்கள் செய்தது என்ற செய்தியில் குறை இருக்காது. நாற்பது வயதைத் தாண்டிய ஆஸ்திரேலியர்கள் இன்றும் தங்கள் வாத்தையும் ரயிலையும் சொல்லிச் சொல்லி மகிழ்வதற்கு அதுதான் காரணம்.

ஆகவே சிட்னியிலோ மெல்போர்னிலோ சென்னையிலோ இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பிறந்தநாளுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், என்ன உருவம் வேண்டும் என்று பிள்ளையைக் கேளுங்கள். அதை நீங்களே செய்யுங்கள். அம்மா மட்டும் இல்லை, அப்பாவும் சேர்ந்து செய்யுங்கள். கை பழகியதும் இன்னொன்று செய்து, உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கோ பக்கத்தில் இருக்கும் நல்ல காரியத்துக்கோ கொடுங்கள், பொருள் பட்டியலை எழுதி ஒட்டி.